வேர் போன பக்கம்

— வெட்டித்தான் ஆகணும், இன்னைக்கே, இப்பவே, நின்ன நிலையில—

— தொட்டுப் பாரு. தொட்டுத்தான் பாரேன்—

— நான் பேசிட்டிருக்கேன்! என் சமையல்கட்டுத் தரை வாயைப் பிளந்து கிடக்கு, இவங்க என்னடான்னா மரத்தைத் தடவிக் கொடுத்துட்டு நிக்கிறாங்க! என்னங்க, கடப்பாரையைப் பிடிச்சுக்கிட்டு சிலை மாதிரி நிக்கிறீங்களே, உங்க அண்ணிகிட்ட நீங்களாவது சொல்லுங்க.

— இரு, இரு. அண்ணி, அதாவது... கொத்தனார் வந்து பார்த்தார். தண்ணித் தொட்டிச் சுவருக்குள்ள வேர் பூந்துடுச்சாம். இந்த குல்மொகர் மரத்தோட வேர்தான். தொட்டி ஒழுகி, அதுக்கு மேல இருக்கற சமையல்கட்டு இறங்குது.

— அப்படியா தம்பி? பாவமே.

— பாவமாம்! அந்த முகத்தைப் பாருங்க, உதட்டோரத்துல சிரிப்பு.

— அது சிரிப்பு இல்லடி மகராசி, பூரிப்பு. நிமிர்ந்து பாரு. இலை தெரியாம பூ. ஊரே காஞ்சு கருகிக் கிடக்கற வருஷத்துல எப்படிச் சிவந்து நிக்குது! தெருவுல போறவங்க எல்லாம் நின்னு கேக்கறாங்க, தண்ணியே இல்லாம எப்படிம்மா வளர்த்தீங்கன்னு.

— தண்ணியே இல்லாமலா? என் தொட்டியைக் குடிச்சுல்ல வளர்ந்திருக்கு!

— உன் தொட்டின்னு அதுக்குத் தெரியுமா? என் பக்கம் கூழாங்கல்லும் கத்தாழையும்தான். என் குழாயில தண்ணி வந்து எத்தனை வருஷமாச்சு?

— ஆரம்பிச்சாச்சு! தொட்டியில இருந்து உங்க பக்கம் போற வால்வு துருப்பிடிச்சு இறுகிப் போச்சுன்னா நான் என்ன பண்றது? பிளம்பர் வந்து பார்த்தும் அசையலை. அதுவும் அந்தக் கோடையில தொட்டி யாரால காலியாச்சு? உங்க ரோஜாவாலயும் மல்லிகையாலயும்தானே? எனக்குப் பாத்திரம் கழுவத் தண்ணி கிடையாது, இவங்க கொடிக்கு அபிஷேகம்!

— நான் ஒண்ணும் சொல்லலையே. துருதான். துருவை யார் என்ன பண்ண முடியும்?

— விடுங்க அண்ணி. நான் அப்ப வெளியூர் வேலையில மாட்டிக்கிட்டேன். இவ ஃபோன்ல சொல்லித்தான் வால்வு இறுகினதே எனக்குத் தெரியும். நான் இங்க இருந்திருந்தா...

— நீங்க இருந்திருந்தா, இருதய ஆபரேஷன் பண்ணின உடம்போட உங்க அண்ணன் தெருமுனைத் தண்ணி லாரியில இருந்து குடம் தூக்கியிருக்க மாட்டார். தெரியும் தம்பி. உங்களை நான் என்னைக்காவது குறை சொல்லியிருக்கேனா?

— இல்லை அண்ணி.

— இதே இடத்துலதான் விழுந்தார், அப்புறம் எந்திரிக்கவே இல்லை. பிளாஸ்டிக் குடம், உடையலை. தண்ணி மட்டும் கொட்டிப் போச்சு. அந்த ஈரம் காயறதுக்குள்ள இந்த மரக்கன்னை நட்டேன்.

— ஐயோ, எத்தனை தடவைதான் அந்தக் கதையைச் சொல்லி எங்களை அறுப்பீங்க! நான் கேக்கறேன், மரம் என் வீட்டை விடப் பெருசா? வெட்டுங்க!

— இப்ப வெட்டினா மோசமாயிடும்னார் கொத்தனார். முதல்ல தொட்டியைக் காலி பண்ணணும். வேர் எந்த இடத்துல சுவருக்குள்ள போகுதுன்னும் தோண்டிப் பார்க்கச் சொன்னார். நகருங்க அண்ணி, கல்லைக் கொஞ்சம் ஒதுக்கிக்கறேன்.

— தோண்டுங்க. பார்த்து, கத்தாழை முள்ளு குத்தும்.

— என்னமோ தட்டுப்படுது... அண்ணி, இது என்ன, மண்ணுக்குள்ள பானை?

— பானைதான். வறண்ட தோட்டத்துக்காரங்க பண்றதுதான். கழுத்து வரைக்கும் புதைச்சு, பாத்திரம் கழுவின தண்ணியை உள்ள விட்டா, கொஞ்சம் கொஞ்சமா கசியும். வேர் தேடிக்கிட்டு வரும்.

— இங்க இன்னொண்ணு இருக்கே. அதுக்கு அந்தப் பக்கமும் ஒண்ணு. எல்லாம் ஒரே வரிசை... மரத்துல இருந்து நேரா எங்க சுவருக்கு.

— வேர் வந்து பானையைக் கட்டிக்கிட்டதும் அதைக் காயப் போட்டுடுவேன். அடுத்ததை ஒரு முழம் தள்ளிப் புதைப்பேன். குழந்தைக்கு நடை பழக்கற மாதிரி. வா கண்ணு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு.

— கேட்டீங்களா? கேட்டீங்களா? வேணும்னே பண்ணியிருக்காங்க!

— வேணும்னேதான்.

— அண்ணி!

— கடைசிப் பானை சுவரை ஒட்டி இருக்கும் பாருங்க. அதுக்கப்புறம் நான் ஊத்தவே இல்லை. அதுவே வழி கண்டுபிடிச்சுக்கிச்சு. கெட்டிக்கார மரம்.

— உங்களுக்குப் புதுசா குழாயே இழுத்துத் தர்றேன்னு சொன்னேனே அண்ணி. நீங்கதானே வேணாம்னீங்க?

— ஆமா தம்பி. எனக்குப் பழைய குழாயே போதும்னு தோணிச்சு.

— ஐயோ! அது என்ன சத்தம்? டைல்ஸ் விரியுது! என்னங்க, அடுப்பு மேடை சாயுது! மோட்டாரைப் போடுங்க!

— மோட்டார் எங்க ஓடுது? உறிஞ்சு குழாய் பூரா வேரு. வாடகைக்கு பம்பு கொண்டு வர சாயங்காலம் ஆயிடும்னான் கடைக்காரன்.

— அதுவரைக்கும் சமையல்கட்டு நிக்குமா?

— தம்பி, என் தோட்டம் பள்ளம்தானே. அந்தப் பழைய குழாய் தொட்டியோட அடியில இருந்து வர்றது. வால்வைத் திறந்தா மோட்டாரே வேணாம், மொத்தத் தண்ணியும் தானா இங்க வந்து கொட்டிடும்.

— அதுதான் இறுகிப் போச்சே அண்ணி.

— அட ஆமா. மறந்தே போயிட்டேன் பாருங்க.

— இருங்க, ஸ்கூட்டர் பெட்டியில பெரிய ஸ்பேனர் இருக்கு, எண்ணெய் டப்பா இருக்கு. எடுத்துட்டு வர்றேன். உடைஞ்சாலும் பரவாயில்லை, எப்படியாவது திருப்பிடறேன். ஏய், வால்வு எங்க இருக்கு, சிங்க்குக்கு அடியிலயா?

— நீங்க உள்ள வராதீங்க! தரை உங்க கனம் தாங்காது. நானே போறேன்.

— நீ போய் என்னடி பண்ணுவே? ஸ்பேனராவது வாங்கிக்கிட்டுப் போ—

— நேரமில்லைங்க, மேடை சாயுது!

— போகட்டும் விடுங்க தம்பி. அவ வீடு, அவ தவிக்கறா. நீங்க ஓடிப் போய் ஸ்பேனரை எடுத்துட்டு வாங்க. நான் இங்கேயே நிக்கறேன்.

— இதோ வந்துட்டேன்...

— கிடைச்சுதா தம்பி?

— கிடைச்சுது, கிடைச்சுது. அடிக்கடி எண்ணெய் விட்டுட்டே திருப்பணும், இல்லைன்னா மரை கழண்டுடும்... அண்ணி, அது என்ன சத்தம்?

— எது?

— தண்ணி. அண்ணி, உங்க குழாயில... தண்ணி வருது.

— ஆமா. நல்ல வேகமாவே வருது.

— அக்கா! வருதா? அங்க தண்ணி வருதா அக்கா?

— வருதுடி மகராசி! கொட்டுது!

— அண்ணி... இப்பதானே அவ உள்ள போனா.

— ஸ்பேனரைக் கீழே வைங்க தம்பி. எண்ணெய் டப்பாவையும் வைங்க. அவ வெறுங்கையோடதான் போனா.