எல்லைமேட்டு மணல்

அன்று மத்தியானம் நாங்கள் மரக்கறி ரோல்ஸ் சாப்பிட்டோம். மல்வேர்னில் பஸ் மாறும் இடத்தில் சாம்பவி வாங்கியவை, ஆறிப்போயிருந்தன. "உறைப்பே இல்லாத ரோல்ஸை விக்கிறவனை மறியலில போடோணும்," என்றாள். நான் சிரித்துவிட்டு அவளுடைய பங்கில் பாதியையும் சாப்பிட்டேன்.

சாம்பவி என் மனைவி. நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்தோம். தோண்டி எடுத்து வரும் மணலைச் சுத்தம் செய்வது அவள். அதன் வயதைக் கணிப்பது நான்.

அந்த மணலைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவே, மண்ணை வெட்டிக் குவித்த நீண்ட எல்லைமேடு ஒன்று கிடக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் ஓர் அரசன் கட்டுவித்தான் என்று பழைய புத்தகங்கள் சொல்கின்றன. அரசன் என்று ஒருவனும் வருவதற்கு முன்பே, அயலூர்ச் சனங்கள் தாங்களாகச் சேர்ந்து எழுப்பியது என்பது என் கட்சி. என் தலை நரைத்தது இந்தக் கட்சியில்தான்.

புதைந்த மணல், இருட்டில் இருக்கும்வரை காலத்தைத் தனக்குள் சேர்த்துக்கொண்டே போகும். சிறிது வெளிச்சம் பட்டால் போதும், சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும். அதனால் மேட்டின் அடியிலிருந்து இரும்புக் குழாயில் அடைத்து வந்ததை, மங்கிய சிவப்பு விளக்கின் கீழ்தான் திறப்போம். அதை எடுத்த கையோடு காணிக்காரர் குழியை மூடுவித்து, இனி ஒருவரும் மண்வெட்டியோடு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே உலகத்தில் அவ்வளவு மணல்தான் இருந்தது.

அதைச் சுத்தம் செய்ய ஓர் அமிலம் வேண்டும். கண்ணாடியையே அரிக்கும். தோலில் பட்டால் முதலில் பெரிதாக நோகாது. உள்ளே இறங்கி உடம்பிலுள்ள கல்சியத்தைப் பிடிக்கும், பிறகு இதயத்துக்குப் போகும். பட்ட உடனே கழுவி, மருந்து பூச வேண்டும். கழுவும் ஷவரும் மருந்தும் கதவுக்கு வெளியே, வெளிச்சமான நடைபாதையில் இருந்தன. கதவின் உட்பக்கத்தில், திறந்த தட்டுகளில் மணல் உலர்ந்துகொண்டிருந்தது.

"உங்கட மண்ணுக்குக் குடுக்கிற மரியாதையில கொஞ்சம் எனக்கும் தாங்கோவன்," என்று அவள் பகிடி விட்டுக்கொண்டு நின்றபோது அமிலப் போத்தல் சரிந்தது.

"என்னப்பா, காலில ஊத்துப்பட்டுப் போச்சு."

"கனக்கவோ?"

"ஓம். காற்சட்டை எல்லாம் நனைஞ்சு போச்சு. கதவைத் திறவுங்கோ."

"கொஞ்சம் பொறும். மூடிப்போட்டு வாறன்."

நான் அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் மணல் சிந்தும். ஒவ்வொரு தட்டாகக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

"முதல்ல மண்ணை மூடுங்கோ" என்று சாம்பவியே சொன்னாள் என்றுதான் விசாரணையில் சொன்னேன். அவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. செத்தவீட்டில் அவளுடைய தம்பி வாகீசன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அக்கா அப்பிடித்தான் அத்தான். தன்ர உயிரை விட அவவுக்கு வேலைதான் பெரிசு. நீங்கள் உங்களை நோகாதேங்கோ," என்று அழுதான். ஆய்வுகூடத்தில் அவள் பெயரில் ஒரு பரிசு தொடங்கினார்கள். மண்ணை மூடச் சொன்ன அந்த வசனம் அவளுடைய படத்துக்குக் கீழே இருக்கிறது. சில நாட்களில் அது அவளுடைய குரலிலேயே எனக்குக் கேட்கும்.

அவள் அப்படிச் சொல்லவில்லை.

"இப்ப எரியுதப்பா," என்றாள். பிறகு மேசையைத் தடவிக்கொண்டு கதவடிக்கு வந்துவிட்டாள். கதவுப் பிடியில் அவளுடைய கை. அதன்மேல் என் கை. மற்றக் கையால் நான் மூடிகளைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"விடுங்கோ," என்றாள். "கையை எடுங்கோப்பா. அம்மாவாணை, நோகுது."

நான் கோபப்படவில்லை. அவளைத் தள்ளவுமில்லை. பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். அவள் என்னைவிடச் சிறிய ஆள். கடைசிப் பெட்டி மூடியதும் கதவைத் திறந்து, நானே அவளைத் தூக்கிக்கொண்டு ஷவருக்கு ஓடினேன். ஓடியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் அவளுடைய இதயம் நின்றது.

வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்டின் உட்கதவுகளைக் கழற்றி பல்கனியில் சாத்தி வைத்திருக்கிறேன். கட்டடத்தைப் பார்க்கும் சீமோன் வந்து கேட்டபோது, பெயின்ற் அடிக்கப் போவதாகச் சொன்னேன். வாசல் கதவை மட்டும் கழற்ற விடமாட்டார்கள். நானாக அதன் பிடியைத் தொடுவதில்லை, அதனால் வெளியே போவது குறைவு. போக வேண்டியிருந்தால், யாராவது வெளியிலிருந்து தட்டும்வரை அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். தட்ட வாகீசன்தான் வருவான். வரும்போதெல்லாம் சாப்பாடு கொண்டுவருவான்.

மணல் கெடவில்லை. அதை அளக்காமல் விட்டிருந்தால் சாம்பவிக்குச் செய்த அநியாயமாகியிருக்கும், அதனால் அளந்தேன். நம்ப முடியாமல் திரும்பவும் அளந்தேன்.

எட்டாம் நூற்றாண்டு. பழைய புத்தகங்களில் உள்ளபடியே.