நெய்த கைக்கு உடுத்தத் தடையா?

மாட்சிமை பொருந்திய தலைவர் ஜோசையா அவர்களே, மூன்று மணிக்கே வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட மூத்தோரே, முழங்கால் வலியோடு படியேறி வந்திருக்கும் தாய்மாரே, தறியோடு தறியாய்த் தேய்ந்தும் தலை தாழாத ஆல்டர்கிளஃப் நெசவாளத் தோழரே, பின்வாசலில் புகை விட்டபடி "இவன் எப்போது முடிப்பான்" என்று கேட்கும் அன்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன்! பட்டாளத்திலிருந்து திரும்பிய அதே வாரம், சந்தைக் கடைக் கண்ணாடிக்குள் ஒரு ஜோடி செயற்கைப்பட்டுக் காலுறையைப் பார்த்து, "இது ஊரையே புரட்டிப்போடும்" என்றேன். சாட்சி கேட்பீர்கள். பக்கத்தில் நின்ற மதுக்கடை முதலாளி இறந்துவிட்டார். அவர் நாய் இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைய தீர்மானம் என்ன? பெந்தெகொஸ்தே திருநாள் ஊர்வலத்தில் நம் சங்கப் பதாகையின் நாடாவைப் பிடிக்கும் ஆறு பெண்களும் பருத்தி மட்டுமே உடுத்த வேண்டும், மீறினால் பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படும். யார் பெயர் என்று எழுதக் கூச்சப்பட்டிருக்கிறார்கள். எனக்கென்ன கூச்சம்? என் அக்கா ஹெஸ்டரின் மகள் ஐவி! ஆறு வருடம் தறியோட்டி, இந்த வருடம்தான் உங்கள் கைகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவள். அந்த நாடாவை அவள் பிடிப்பாளா, வீதியோரம் நின்று வேடிக்கை பார்ப்பாளா? அதுதான் இன்று நீங்கள் தீர்க்க வேண்டியது.

அவளுடைய முதல் செயற்கைப்பட்டுக் கவுன் என்ன ஆனது தெரியுமா? என் அக்கா அதை வெள்ளைத் துணியோடு அண்டாவில் போட்டாள்.

"அம்மா, அதக் கொதிக்க வைக்கக் கூடாது."

"அழுக்குன்னா கொதிக்கத்தான் வைக்கணும். முப்பது வருஷமா துவைக்கிறவளுக்கு நீ சொல்லித் தரியா?"

கொதித்தது. கஞ்சி போட்டாள். அடுப்பில் சிவக்கக் காய்ந்த இஸ்திரிப்பெட்டியை வைத்தாள். எடுத்தாள், கவுனும் கூடவே வந்தது. ஐவி பார்த்துவிட்டு, "கவுன எனக்குன்னு வாங்கினேன், நீ இஸ்திரிப்பெட்டிக்குப் போட்டுவிட்டுட்ட" என்றாள்.

சிரிக்காதீர்கள், மேபல் அம்மா. உங்கள் இஸ்திரிப்பெட்டியின் அடியில் ஒரு நீலக் கவுன் இன்னும் ஒட்டியிருக்கிறது. பருத்தி ஊரில் இந்தப் பிழையைச் செய்யாத வீடு எது?

இரண்டாவது கவுனை அவளே வெட்டினாள், அவளே தைத்தாள். ஞாயிறன்று ரயிலடி வீதியில் நடந்தாள். ஆலை முதலாளி மனைவியின் கார் வந்தது. தறிக்கூடத்துக்கு வந்தால் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொள்ளும் அதே அம்மையார். கார் நின்றது! கதவு திறந்தது! இறங்கி வந்து கைமடிப்பைத் தடவி, "பாரிஸ் பட்டாம்மா? யாரு தெச்சது?" என்றார். "உங்க ஆலையில நெய்ஞ்சது, நான் தெச்சது" என்றாள் என் மருமகள்.

யார் அங்கே எழுந்திருப்பது? அம்ப்ரோஸா? சொல்லப்பா.

"நம்ம வயித்த நிரப்பினது பருத்தி. ஆலைய மூட வைக்கிறது அந்தப் பளபளப்பு. அத மாட்டிக்கிட்டு நம்ம கொடியப் பிடிக்கிறதா? என் தறி நின்னு நாலு மாசம் ஆச்சு, தெரியும்ல?"

தெரியும், அம்ப்ரோஸ். உன் கோபம் நியாயமானது, அது போகிற திசைதான் தவறு. ஐவியின் நான்கு தறிகளில் மூன்றில் என்ன ஓடுகிறது? நீளவாட்டில் பருத்திப் பாவு, குறுக்கே செயற்கைப்பட்டு ஊடை! அந்த ஊடையால்தான் அந்த மூன்றும் ஓடுகின்றன. நெய்யலாம், உடுத்தக் கூடாதா? முதலாளிக்காக நெய்தால் உழைப்பு, தனக்காக உடுத்தினால் துரோகமா?

தலைவர் அவர்களே, உங்கள் கழுத்துப்பட்டை பளபளக்கிறதே, அது எந்தப் பருத்திச் செடியில் காய்த்தது?

"மருமக கிறிஸ்துமஸுக்குக் கொடுத்ததுப்பா."

மருமகள் கொடுத்தால் மன்னிப்பு, மங்கை உடுத்தினால் தண்டிப்பா? ஆணின் கழுத்தை எந்தக் குழு சோதித்தது?

முன்பெல்லாம் நம் பெண்கள் மரக்கட்டைச் செருப்பும் மேற்போர்வையுமாகப் போனால் நூறு கஜத்துக்கு அப்பாலே தெரியும், ஆலைக்காரி என்று. விலகிப் போனார்கள், விரட்டிப் பேசினார்கள். இன்று வீதியில் வருகிறவள் வைத்தியர் மகளா, நெசவாளி மகளா? தெரியவில்லை! தெரியாததால் மரியாதை தருகிறார்கள்! அவர்கள் கண்ணுக்கு வந்த குழப்பத்தை நம் கையாலேயே தீர்த்து வைப்பதா? அந்தப் பழைய அடையாளத்தை நாமே அவள் மேல் போர்த்துவதா? கூடாது, கூடாது! ஐவி நாடாவைப் பிடிக்கட்டும்! எந்தத் துணி உடுத்தினாலும் அவள் நம் பெண்!

கை தட்டியவர்களுக்கு நன்றி. தட்டாதவர்கள் அந்தக் கையை வாக்கெடுப்பில் தூக்கினால் இன்னும் நன்றி. வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுத்துக்கொண்ட தாய்மாருக்கும் என் வணக்கம்.

உட்காரும் முன் ஒன்று. அதோ, ஐவி முறைக்கிறாள். அந்தக் கார் நிற்கவில்லை. பாரிஸ் பட்டு என்று யாரும் கேட்கவில்லை. அது நான் சேர்த்தது. அன்று அவள் வீட்டுக்கு வந்து சொன்னது இவ்வளவுதான்: "மாமா, அந்தம்மா கார்ல போறப்ப எனக்குத் தல அசைச்சாங்க. ஆறு வருஷத்துல மொதத் தடவ. நான் யாருன்னு தெரியல போல."