எதிர்வீட்டுப் பிள்ளைக்குத் தைத்த போர்வை

தையல் வகுப்பு முடிச்ச பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுங்கன்னு மைக்கைக் குடுத்துட்டாங்க. அந்த அளவுக்கு நான் படிக்கலம்மா. பத்தாவதுல கணக்குப் பாடம் என்னைத் தாண்ட விடல. அதனால புத்தி வேண்டாம்... ஒரு சின்னக் கதை சொல்லிட்டு உக்காந்துக்கறேன். போன மாசம் எங்க வீட்டுல நடந்தது.

என் வீட்டுக்காரி பிலோமினா ஒட்டுத்துணிப் போர்வை தைப்பா. தெருவுல ஒருத்தி முழுகாம இருக்கான்னு தெரிஞ்சா போதும்... வீடு வீடாப் போய் ஒரு துண்டு பழைய துணி வாங்கிட்டு வந்துடுவா. எல்லாத்தையும் சேத்துத் தைச்சா, தெருவே அந்தப் பிள்ளையைப் போத்தின மாதிரி. நல்ல விஷயந்தானே? நல்ல விஷயந்தான்! ஆனா ஒண்ணாவது முடிஞ்சுதா? இல்ல. ஏன்? கேட்டா சொல்லுவா... "ஒரு வீட்டுத் துண்டு இன்னும் வரலைங்க. அவுகளை விட்டுட்டா மனசு சங்கடப்படுவாக." அந்த வீட்டுக்காரங்க கோயம்புத்தூருக்கே குடிபோயிட்டாங்க!

கட்டிலுக்கு அடியில துணி. பீரோ மேல துணி. வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியில பாதிப் போர்வை. நான் என்ன செஞ்சேன்? கண்டிச்சேனா? மூட்டை கட்டிப் பரண்ல ஏத்தினேன். வேப்பிலை போட்டு, பிளாஸ்டிக் பையில சுத்தி... எலி தொட முடியாது! அதுல எனக்கு ஒரு பெருமை வேற.

எதிர்வீட்டு ஜெசிந்தா குடும்பத்துக்கு டிரான்ஸ்பர் வந்துச்சு. வண்டியில சாமான் ஏறுது. அப்போ பக்கத்து வீட்டு செல்வராணி எங்க வாசல்ல வந்து நிக்கா. அவ மக சின்ன வயசுலயே காய்ச்சல்ல தவறிப்போச்சு. அந்தப் பிள்ளையோட மஞ்சப் பாவாடையை வெட்டித்தான், ஜெசிந்தா மகன் பிறக்கும்போது போர்வைக்குக் குடுத்திருந்தா.

"அண்ணே, ஊருக்குப் போறதுக்கு முன்னால அந்தப் போர்வையை ஒருதடவை காட்டுன்னு ஜெசிந்தாகிட்ட கேட்டேன். 'எந்தப் போர்வை'ன்னு கேக்காளே..."

பிலோமினா அடுப்படிக்குள்ள போயிட்டா. நான் விடுவேனா? நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொல்றேன்... "பயப்படாத தங்கச்சி! உன் துணி பத்திரமா இருக்கு. ஒரு நூல் போகல!"

அவ சத்தம் போடல. மெதுவாத்தான் கேட்டா.

"பத்திரமா வைக்கவா அண்ணே குடுத்தேன்? எங்க வீட்டுல பெட்டி இல்லையா?"

பரணுக்கு ஏணியைப் போட்டேன். மூட்டையை இறக்க இறக்க, வழியனுப்ப வந்த பொம்பளைங்க எல்லாம் எங்க வாசல்ல கூடிட்டாங்க. "ஏ, இது எங்க மாமியார் சேலைல்லா!" "இது என் மக கவுனு! அவளே இப்ப பிள்ளை பெத்துட்டா!" "அண்ணே, ஜவுளிக்கடை என்னைக்குத் திறக்கீக?" ஒரே சிரிப்பு. எனக்கு ஏணியை விட்டு இறங்கவே மனசு வரல.

கடைசி மூட்டையில கிடைச்சுது. மூணு பக்கம் ஓரம் அடிச்சிருக்கு, ஒரு பக்கம் நூல் தொங்குது. செல்வராணி அந்த மஞ்சத் துண்டைத் தடவிப் பாத்தா. ஜெசிந்தாவோட மகனைக் கூப்பிட்டு அவன் மேல போத்தினா. தொட்டில் அளவுக்குத் தைச்சது... பையன் பள்ளிக்கூடம் போறவன். இடுப்புக்கு மேலயே நின்னுட்டுது. அவன் கேக்கான்... "அத்தை, இது தலை துவட்டுற துண்டா?"

யாரும் சிரிக்கல.

பிலோமினா ஊசியோட வெளிய வந்தா. யார் முகத்தையும் பாக்கல. வாசல்ல உக்காந்து மிச்ச ஓரத்தைத் தைச்சா. வண்டி டிரைவர் அந்தப் பக்கம் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள போர்வை முடிஞ்சுபோச்சு. அவ்வளவுதான் வேலை! அந்த டீ நேரத்து வேலைக்குத்தான் இத்தனை வருஷம்...

பிள்ளைகளா, நாங்க என்ன கல்நெஞ்சக்காரங்களா? இல்லையே. எந்த வீட்டையும் விட்டுடக் கூடாதுன்னுதானே நினைச்சோம்? கடைசியில யாரை விட்டோம்? யாருக்காகத் தைச்சோமோ அந்தப் பிள்ளையையே விட்டுட்டோம். நீங்க யாருக்கு எது செய்யணும்னு நினைச்சாலும், ஒரு துண்டு குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போகுது... ஓரத்தை மடிச்சு அடிச்சு, கையில குடுத்துடுங்க. துணி காத்திருக்கும்மா. பிள்ளை வளந்துடும்.