மூச்சு நிற்கும் இடம்

தம்பி கண்ணுச்சாமி,

உங்கள் கார்டு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கையெழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கிறது. ராக் இசைக்காக நீங்கள் நடத்தும் கையெழுத்துப் பத்திரிகையில், அந்த இசைத்தட்டின் முதல் பாட்டைக் கேட்டவர்களுக்கு முதலில் என்ன தோன்றியது என்று தொகுக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். மைக்கேல்ராஜ் சார் எங்கள் பழைய நோட்டைக் கொடுத்தாராம். அதில் ஒட்டியிருக்கும் என் தாளைப் பாராட்டியதற்கு நன்றி. கடைசியில் ஒரு சந்தேகமும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எழுபத்தொன்பதில் நாங்கள் நாலு பேர். மிஷன் பள்ளி வாத்தியார் மைக்கேல்ராஜ், அவருடைய சகா ஞானமுத்து, மருந்துக்கடைச் சொக்கநாதன், தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நான். மதுரையில் அந்த இசையைக் கேட்க வேறு ஆளே இல்லை என்ற நினைப்பு எங்களுக்கு. மைக்கேல்ராஜின் சித்தப்பா மகன் சிங்கப்பூரிலிருந்து தட்டு அனுப்புவார். ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட்டதும் விளாங்குடியில் அவர் வீட்டு மாடி அறையில் கூடுவோம்.

எங்களுக்கென்று சில விதிகள் இருந்தன. புதுத் தட்டை யாரும் முன்கூட்டிக் கேட்கக் கூடாது. ஜன்னலில் ஜமுக்காளம் தொங்கவிட்டு அறையை இருட்டாக்க வேண்டும். சாவி, கடிகாரம் என்று சத்தம் போடும் எதுவும் வாசலில் இருக்கும் கூடையில் கிடக்க வேண்டும். ஒரு பக்கம் ஓடி முடியும்வரை பேச்சில்லை, எழுந்திருப்பதில்லை. இருட்டிலேயே மடியில் தாளை வைத்துப் பென்சிலால் மனதில் படுவதை எழுத வேண்டும். பிறகு எல்லாத் தாளையும் வாசித்து, சிறந்ததை நோட்டில் ஒட்டுவோம்.

ஆறு வருஷத்தில் முப்பத்தெட்டுத் தாள் ஒட்டினோம். முப்பத்தொன்று ஞானமுத்துவினுடையது. அவனுக்கு எழுத வரும், எனக்கு எழுத ஆசை. அவன் தாளை வாசிக்கும்போது நான்தான் முதலில் தலையாட்டுவேன். அவன்மேல் எனக்குப் பொறாமை இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். அவன் பிள்ளைக்குப் பேர் வைத்ததே நான்.

பகலில் மைக்கேல்ராஜ் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் பார்சல் என் ஆபீஸ் விலாசத்துக்கு வரும். அந்தத் தட்டு புதன்கிழமை வந்தது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. மேலுறையை அடிப்பக்கம் பிளேடால் கீறி, தட்டைப் பேரையூரில் மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று தடவை கேட்டேன். உறையைத் திரும்ப ஒட்டிவிட்டேன். எழுத வேண்டியதையும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

அந்த முதல் பாட்டு உங்களுக்கே தெரியும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு மனிதன் மூச்சுக்குத் திணறும் சத்தம் மட்டும். அது நிற்கும். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் கிடார் கிளம்பும்.

ஞானமுத்துவுக்கு ஆஸ்துமா. அவன் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய, திணறும்போது வாயில் வைத்து மருந்தை உறிஞ்சும் பம்ப் ஒன்றை மடியிலேயே வைத்திருப்பான். ஆட்டினால் அது கடகடக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்டேன்.

“மாப்ள, இன்னிக்கு இதையும் கூடையில போட்ருவமா? ரொம்ப மெதுவா ஆரம்பிக்கிற பாட்டுன்னா கெடுத்துரும்.”

“உனக்கு எப்படித் தெரியும் மெதுவா ஆரம்பிக்கும்னு?” என்று சிரித்தான். சிரித்துக்கொண்டே பம்பைக் கொடுத்தான்.

கூடைக்குப் போன நான் ஜமுக்காளத்தையும் மாட்டினேன். தூசி அவனுக்கு ஆகாது என்பதால் அதை வெளியே உதறி மாட்டுவது வழக்கம். அன்று உதறவில்லை, மறந்துவிட்டது என்றுதான் இதுவரை எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன்.

தட்டு ஓட ஆரம்பித்தது. மூச்சுச் சத்தம் வந்தது. சொக்கநாதன் பயந்து என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். இரண்டு நிமிஷம் ஆனது. மூச்சு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

மற்ற இருவருக்கும் அது தட்டிலிருந்து வரும் சத்தம். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் அது தட்டில் இல்லை என்று தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஆறு வருஷமாக என்னை நம்பியவர்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. விதி என்றால் விதிதானே. ஞானமுத்து என் முழங்காலை இரண்டு முறை தட்டினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்தது இடது கையால். வலது கையில் பென்சில் இருந்தது.

மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. காதில் விழுந்ததை எழுதினேன். தானாக வந்தது. சந்தோஷமாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பக்கம் முடிய இருபத்திரண்டு நிமிஷம். மைக்கேல்ராஜ் ஜமுக்காளத்தை விலக்கியபோது ஞானமுத்து சுவரில் சாய்ந்திருந்தான். டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். போலீஸ்காரர் கேட்டதற்கு மூன்று பேரும் ஒரே பதில்தான் சொன்னோம். பாட்டில் வரும் சத்தம் என்று நினைத்தோம் என்றோம். இரண்டு பேர் சொன்னது உண்மை.

அடக்கம் முடிந்து அவன் மனைவி ஆனிமேரி என்னிடம் கேட்டாள்.

“அண்ணே, அவரு ஒரு வார்த்தைகூடக் கூப்பிடலையா?”

“இல்லம்மா. பாட்டு அம்புட்டுச் சத்தம்.”

அந்தப் பம்பை அவள் அவன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் போகும்போது பார்ப்பேன். பிள்ளையின் படிப்புக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன். நான் அவர்களைக் கைவிட்டதில்லை.

இப்போது உங்கள் சந்தேகம். “கிடார் உச்சத்துக்குப் போகும்போதும் அடியில் மூச்சு ஓடுகிறது, யாரோ விரலால் இருமுறை தட்டுகிறார்கள், பிறகு மூச்சு ஒரு நூல் அறுவதுபோல் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அண்ணே. என் தட்டில் கிடார் வந்த பிறகு மூச்சே இல்லையே, உங்களுடையது எந்த நாட்டுப் பதிப்பு?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஏழு வருஷத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். உங்கள் தட்டில் எந்தக் குறையும் இல்லை, தம்பி.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். தாளை வெளியிடுவதானால் அந்த மூன்று வரியை மட்டும் வெட்ட வேண்டாம். நான் முன்கூட்டிக் கேட்டுவிட்டு எழுதினேன் என்று இனி ஊர் சொல்லும். மற்ற வரிகளைப் பற்றி அப்படிச் சொல்லட்டும். அந்த மூச்சு நின்றதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

இப்படிக்கு,
சுப்பராமன்