கொசுறு அஞ்சு செகண்டு

— ஒரு செகண்டு மூணு லட்சம்னு விலை சொன்னீரேவே, அமல்ராஜ்! எமன்கூட அவ்வளவு கேக்க மாட்டான்.

— அரே அண்ணாச்சி, அது போன வருஷ ரேட்டு. இன்னிக்கு விக்க வரலை.

— இந்த ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்குத சீட்ல உக்காந்த நாள்லேருந்து, சும்மா வந்த ஆளை நான் பாத்ததில்லை. சக்கரத்துக்குச் சீக்கா?

— ஜம்முனு சுத்துது. அதுக்குத்தான் வந்தேன்.

— பேட்டரி வேண்டாம், வெறும் இரும்புச் சக்கரம், சுத்துத வேகத்தையே கரண்டாக்கித் தரும்னீரு. நம்ம விஷ்ராந்த்வாடி ஏரியாவுல ராட்டினம் போட வந்த ஆளுன்னுல்லா நினைச்சேன்.

— கரண்டு போனா, ஜெனரேட்டர் கிளம்புற வரைக்கும் தாங்கணும், அவ்ளோதான். பதினஞ்சு செகண்டு போதும்னேன். விட்டீங்களா?

— எப்படிவே விடுவேன்? எங்கப்பா தூத்துக்குடியில கருப்பட்டி மண்டி வச்சிருந்தவரு. கொசுறு கேக்காம சாமான் வாங்கிட்டுப் போனா வீட்டுக்குள்ளயே விட மாட்டாரு. அஞ்சு செகண்டு சேத்துப் போடும்னேன்.

— நானும் ஒரு சைஸ் பெரிய சக்கரமா போட்டேன். முதலாளி என் சம்பளத்துல வெட்டினாரு, மாலூம்?

— ஐயையோ! சொல்லவே இல்லையேவே.

— அப்போ உங்க மேல அவ்ளோ காண்டு. கட்கியில என் வீடு போற வரைக்கும் திட்டிக்கினே போனேன்.

— அதை வசூல் பண்ண வந்திருக்கீரு. சரி, கையில என்ன பொட்டணம்?

— பேடா. எடுங்க. செவ்வாக்கிழமை மழையில கரண்டு போச்சே...

— அதை ஏன் கேக்கீரு! ஜெனரேட்டர் ஒரு இருமல் இருமிட்டுப் படுத்துக்கிட்டு. மறுபடி எழும்புததுக்குள்ள பதினெட்டு செகண்டு. மேல குறைமாசப் பிள்ளை ஒண்ணு மூச்சு மிஷின்ல. மிஷினுக்குள்ள இருந்த பேட்டரி செத்துக் கிடந்ததை அப்புறந்தான் பாத்தாவ. ஒருக்கா அணைஞ்சா, திரும்ப ஓட விட நிமிஷக்கணக்குல ஆகுமாம். உம்ம சக்கரம்தான் விடாம புடிச்சுது. உம்ம முதலாளிகிட்ட நானே பேசுதேன், வெட்டின சம்பளத்தை வாங்கித் தாரேன்.

— வேணாம் அண்ணாச்சி.

— வர்ற பணத்தை வேண்டாம்னு சொல்லுத ஆளா நீரு?

— அந்தப் பிள்ளை யாருதுன்னு தெரியுமா?

— அட்டையில தாய் பேரு மரியம்மாள்னு இருந்துச்சு. நம்ம ஊர்ப் பேரா இருக்கேன்னு... ஏன்வே, கண்ணு கலங்குது?

— என் பொஞ்சாதி. இன்னிக்குக் காலையில மிஷினை எடுத்துட்டாங்க, பாப்பா தானா மூச்சு விடுது. கணக்கை நேரா சொல்லிடறேன் அண்ணாச்சி. பதினஞ்சு செகண்டு நான் வித்தது. மூணு உங்க கொசுறு. அந்த மூணுக்கு நான் இன்னும் பாக்கி.