ஒற்றைக் கண்ணால் அழுத குழந்தை

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் செத்துப்போன அண்ணனின் துணிகளை வாங்கிக்கொண்டு நான் மாட்டு வண்டியில் திரும்பினேன். வண்டிக்குள் எதிரே முன்பின் தெரியாத ஒரு மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். மருமகளின் மடியிலிருந்த கைக்குழந்தைக்கு இடது கண்ணில் மட்டும் நீர் வழிந்துகொண்டே இருந்தது.

“செத்த அப்பனுக்கு ஒத்தக் கண்ணால அழுவுதான் பாரு. ஏளா, வயித்துல வச்சுக்கிட்டு நீ ராப்பகலா அழுதேல்லா? அதான் இவனுக்கு நிக்க மாட்டேங்கு,” என்றாள் மாமியார்.

“அழுததால வராதுன்னு டாக்டரம்மா சொன்னாவல்லா அத்தை? கண்ணீர் போற வழி அடைச்சிருக்காம். குறைமாசத்துல பெறந்தா வருமாம், அப்பனுக்குச் சின்னதுல இருந்தாலும் வருமாம். அவுகளுக்கு இருந்துச்சான்னு கேட்டதுக்கு நீங்க வாயே தொறக்கல.”

மாமியார் முந்தானையால் குழந்தையின் கண்ணைத் துடைத்தாள்.

“இருந்துச்சு. அவனுக்கும் இதே கண்ணுதான்.”

“பெறகு ஏன் என்னையவே சொன்னிய?”

“ஒன்னைய வையாம வேற யார வைய? போய்ச் சேந்துட்டானே, அவனையா?”