கொஞ்சம் நீலம் கூடுதல்

இந்த அறையின் குழல்விளக்கு கொஞ்சம் பச்சை அடிக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. நல்ல ஆரோக்கியமான ஆளாகத்தான் இருப்பீர்கள். ஆனால் இந்த வெளிச்சத்தில் உங்கள் முகம் ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தது போலிருக்கிறது. முப்பத்தொரு வருடமாக நான் செய்வது நிறம் திருத்தும் வேலை, அதனால் இதெல்லாம் கண்ணில் பட்டுவிடும். உங்கள் அறிக்கையிலும் ஒரு நிறம் தப்பாக இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேச உட்கார்ந்திருக்கிறேன்.

வெர்னன் ஹாலெட்டின் மகள் ஜோனெல் உங்களிடம் சொன்னது இதுதானே? "அப்பா போன்ல கறுப்பு நாடான்னுதான் சொன்னார். இங்க படியில மஞ்சள் நாடா இருக்கே." அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. ஆனால் அது கறுப்பும் இல்லை. அங்கே வருகிறேன். கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

பர்பேங்கில் பழைய படங்களை வீட்டில் பார்க்கும் டிஸ்க்குகளாக மாற்றித் தரும் ஒரு லேபில் நான் வேலை பார்க்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் ஒரு படம் கைக்கு வந்தது. பழைய ஃபிலிமில் மணல் தூவினாற்போலப் பொடிப்பொடியாக ஏதோ ஆடிக்கொண்டே இருக்கும், கவனித்திருப்பீர்கள். அதுதான் படத்தின் தோல். அது வேண்டாம், துடைத்து வைத்தது போலப் பளபளவென்று வேண்டும் என்று மேலிடம் கேட்டது. தேய்த்தேன். தேய்த்த தேய்ப்பில் முகத்துச் சுருக்கம், தாடி மயிர், கம்பளிச் சட்டையின் இழை எல்லாம் சேர்ந்து போய்விட்டன. நடிகர்கள் மெழுகு பொம்மைகளாகிவிட்டார்கள்.

டிஸ்க் பிரியர்களுக்கென்று ஓர் இணைய மன்றம் இருக்கிறது. ஒரு காட்சியை நிறுத்தி வைத்துக்கொண்டு அதைப் பற்றி ஒரு வாரம் சண்டை போடக்கூடியவர்கள். அவர்கள் எனக்கு 'மெழுகுக்காரி' என்று பெயர் வைத்தார்கள். "இவகிட்ட உங்கம்மா போட்டோவக் குடுத்துப் பாரு, சோப்புக் கட்டியாக்கித் திருப்பித் தருவா" என்று ஒருவர் எழுதினார். நானூறு பேர் சிரித்திருந்தார்கள். நான் எண்ணினேன். அடுத்து எந்தப் படம் செய்தாலும் முதல் கேள்வி "மெழுகுக்காரி வேலையா?" என்பதுதான். டோரீன் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று.

அப்போதுதான் 'படகுக்காரி' வந்தது. 1961-ல் எடுத்த படம். ஆற்றைக் கடக்கப் படகு விடும் ஒரு விதவை மறுமணம் செய்துகொள்ளும் கதை. மூல ஃபிலிமில் நிறம் வெளிறிப்போயிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல பிரதிகூட எங்கும் இல்லை. ஆனால் அதை எடுத்த ஒளிப்பதிவாளர் உயிரோடு இருந்தார். வெர்னனுக்கு எண்பத்தொன்பது வயது. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் டிஸ்க்கின் அட்டையில் ஒரு வரி போடலாம்: 'ஒளிப்பதிவாளரின் ஒப்புதல் பெற்றது'. அந்த ஒரு வரி இருந்தால் எவனும் வாயைத் திறக்க முடியாது.

ஆறு நாள் உட்கார்ந்தார். திருமணக் காட்சி வந்ததும் முன்னால் சாய்ந்தார்.

"என்னம்மா இது, டீக் கறை மாதிரி இருக்கு? அந்தப் பொண்ணோட கவுன் வெள்ளை. நான் பக்கத்துல நின்னவன்."

"நீலம் கொஞ்சம் ஏத்தட்டுமா?"

"ஏத்து. இன்னும் ஏத்து. ஏன் கஞ்சத்தனம் பண்றே, உங்க வீட்டு நீலமா?"

சிரித்துக்கொண்டே ஏற்றினேன். என் கண்ணுக்கு அந்தப் பெண் ஆற்றில் முங்கிச் செத்தவள்போல ஆகிவிட்டாள். அவர் "அப்பாடா, வெள்ளை" என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் டூனா சாண்ட்விச் சாப்பிடும்போது, "நேத்தும் இந்த வெண்ணெய் கலர் சட்டைதானே போட்டிருந்தே?" என்று கேட்டார். நான் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. கண்புரை முற்றிவிட்டால் கண்ணுக்குள் ஒரு மஞ்சள் கண்ணாடி போட்டது போல. நீலம் உள்ளே நுழையாது. வெள்ளை மஞ்சளாகும், கருநீலம் கறுப்பாகும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பால பாடம்.

"ஆமா, எனக்குப் பிடிச்ச சட்டை" என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருடைய ஒப்புதலுக்கு மதிப்பு போய்விடும். நிறத்தை நான் தீர்மானிக்க வேண்டிவரும், மறுபடியும் என் பெயர் சந்திக்கு வரும். அவருக்கு அது வெள்ளையாகத் தெரிந்தது. எடுத்தவருக்கு எப்படித் தெரிகிறதோ அதுதானே சரி? இதில் நியாயம் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது.

டிஸ்க் மார்ச்சில் வந்தது. மன்றத்தில் கூச்சல். "பொணத்துக்குக் கல்யாணமா?" "இது ஆறா, நீச்சல்குளமா?" நான் ஒரே ஒரு பதில் எழுதினேன். ஹாலெட் ஆறு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியாகப் பார்த்துச் சொன்ன நிறம் இது, அவரைவிட உங்களுக்குத் தெரியுமா என்று. அடங்கிவிட்டார்கள். என் வாழ்க்கையில் அத்தனை நிம்மதியாக நான் தூங்கியதில்லை.

வெர்னனுக்கு என்னைப் பிடித்துப்போயிற்று. எனக்கும் அவரைப் பிடிக்கும், இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆல்டடீனாவில் அவர் வீட்டுக்குப் பட்டாணி சூப் கொண்டுபோவேன். போர்ட்லாண்டிலிருந்து ஜோனெல் போன் செய்தாள். "அப்பாவுக்குக் கண்ணு ரொம்ப மங்கிடுச்சு, டோரீன். ஆபரேஷன் இருபது நிமிஷ வேலைன்னு டாக்டர் சொல்றார். நீங்க கூட்டிட்டுப் போவீங்களா?"

கண்டிப்பாக என்றேன். ஆஸ்பத்திரியில் தொடர்புக்கு என் எண்ணைக் கொடுத்தேன். தேதி கிடைத்ததும் ரத்து செய்தேன். ரத்தக் கொதிப்பு இறங்கட்டும் என்று டாக்டர் சொல்வதாக அவரிடம் சொன்னேன். இப்படி மூன்று தடவை. சந்தோஷமாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கண் தெளிந்தால் அவர் முதலில் பார்க்கப்போவது அந்தப் படத்தைத்தான். நான் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், சாவி அவர் கண்ணுக்குள் இருந்தது. வேறு என்ன செய்ய முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் படுக்கையறை மாடியில். வெள்ளைப் பெயின்ட் அடித்த பதின்மூன்று மரப்படிகள். அவருக்கு எல்லாம் ஒரே மஞ்சள் சரிவாகத் தெரிந்தது. அதனால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் நான் ஒரு நாடா ஒட்டினேன். கருநீல நாடா. அறிக்கையில் திருத்த வேண்டியது இதுதான். கறுப்பு இல்லை, கருநீலம். அவர் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தது, அதைத்தான் மகளிடம் சொல்லியிருக்கிறார்.

"ஒவ்வொரு படியும் கோடு போட்ட மாதிரி தெரியுதும்மா. நீ நல்லா இருப்பே" என்றார். அன்றுமுதல் அவர் கைப்பிடியைப் பிடிப்பதையே விட்டுவிட்டார்.

அக்டோபரில், மன்றத்தில் அவர்கள் எழுதியிருந்ததையெல்லாம் ஜோனெல் போனில் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அந்த ஞாயிறு சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"படம் ரொம்ப நீலமா இருக்காமே. உன்னையா திட்றாங்க?"

"அதெல்லாம் பழகிப்போச்சு வெர்னன்."

"தப்பு என் கண்ணோடது, உன்னோடது இல்ல. ஸ்டுடியோவுக்கு ஒரு கடுதாசி எழுது, நான் சொல்றேன். கிழவனுக்குக் கண்ணு சரியில்ல, இந்தப் பொண்ணு நான் சொன்னதைத்தான் செஞ்சா, படத்தைத் திரும்பச் சரிபண்ணுங்கன்னு."

இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. பழியை முழுக்கத் தன் தலையில் போட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கடிதம் போனால் அட்டையில் இருக்கும் அந்த வரி போய்விடும். அந்த வரி போனால் மிச்சம் நான் மட்டும்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியது வேறு. 'படத்தை மறுபடி பார்த்தேன், நிறம் நான் எடுத்தபடியே இருக்கிறது, மாற்றக் கூடாது' என்று, அவர் எழுதுவது போல. இவ்வளவுதான்.

"வாசிச்சுக் காட்டு" என்றார். அவர் சொன்னதையே ஒரு வார்த்தை மாறாமல் வாசித்துக் காட்டினேன். பேனாவை இடம் பார்த்து வைத்துக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டார். ஸ்டுடியோ அதைத் தன் இணையதளத்தில் போட்டது. மன்றத்தில் ஒருவர் "மெழுகுக்காரிகிட்ட நாம மன்னிப்புக் கேக்கணும்" என்று எழுதினார். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஜோனெல் பிறகு என்னை நம்பவில்லை என்று சொல்ல மாட்டேன், பொறுமை இழந்துவிட்டாள். அவளே ஆஸ்பத்திரியில் பேசித் திங்கட்கிழமைக்கு நாள் வாங்கினாள். ஞாயிறு மாலை விமானத்தில் வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை வெர்னன் எனக்குப் போன் செய்தார். குரலில் அத்தனை குஷி.

"கட்டு அவுத்ததும் முதல் வேலை நம்ம படம். நீ பக்கத்துல உக்காரணும். அப்புறம் அந்தக் கடுதாசியையும் படிக்கணும், எவ்வளவு அழகா எழுதியிருக்கேன்னு பாக்கணும்ல?"

சனிக்கிழமை மத்தியானம் போனேன். சாப்பிட்டு மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். கருநீல நாடாவை உரித்து எடுத்தேன். அதே அகலத்தில் மஞ்சள் நாடா ஒட்டினேன், பதின்மூன்று படிக்கும், ஒரு சுருக்கம் இல்லாமல். உங்கள் ஆட்கள் எடுத்த புகைப்படத்தில் பளிச்சென்று தெரியும். யாரோ மிகுந்த அக்கறையோடு ஒட்டியது என்று அறிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கும் எனக்கும் அது மஞ்சள். அவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

நான் அவரைத் தொடவில்லை. சமையலறையில் சூப்பைச் சூடாக்கினேன். மூன்று மணிக்கு மாடியில் அவர் கட்டிலிலிருந்து எழும் சத்தம் கேட்டது.

"சூப் ரெடி, வெர்னன்" என்று கூப்பிட்டேன்.

"இதோ வந்துட்டேம்மா" என்றார்.

கொன்றது நான்தான். அதை எப்படி எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நாடாவின் நிறத்தை மட்டும் சரியாகப் போடுங்கள். ஒப்புதல் வரி அட்டையில் அப்படியே இருக்கிறது; இனி அதை அவர் திரும்பப் பெற முடியாது. மேஜையில் சாட்சிப் பொருளாக வைத்திருக்கும் அந்த டிஸ்க்கை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று தெரிகிறது, உறை பிரிக்கவில்லை. பாருங்கள், நல்ல படம். அறையை இருட்டாக்கிக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் நீலம் கூடுதலாகத் தெரியும். கால் மணி நேரத்தில் கண் பழகிவிடும்.